சிவப்புச் சிலிண்டர்

செப்டம்பர் 9, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. சரவணம்பட்டி தாண்டிக் கட்டிக்கொண்டிருக்கும் பதினான்கு மாடிக் குடியிருப்பு. பெயர் 'பசுஞ்சோலை எலைட்'. சோலையும் இல்லை, பசுமையும் இல்லை. எலைட் மட்டும் விளம்பரப் பலகையில் இருக்கிறது, ஒரு வெள்ளைக் குதிரையோடு. குதிரைக்கும் ஃப்ளாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாதாம்.

நான் இந்த சைட்டின் பாதுகாப்பு அலுவலர். தலைக்கவசம், பச்சை ஜாக்கெட், ஒரு விசில் கொடுத்தார்கள். அக்டோபர் கடைசி வரை தகுதிகாண் காலம். அது முடியும்போது ப்ராஜெக்ட் மேனேஜர் லோகநாதன் 'திருப்தி' என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் என் மச்சினன் தாமோதரனின் வெட்கிரைண்டர் கடை. அங்கே எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஏற்கெனவே வாங்கிப் போட்டிருப்பதாக மேகலா சொன்னாள். பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொன்னாளா, மிரட்டினாளா என்பது இன்னும் பிடிபடவில்லை.

அப்பா தமிழாசிரியர். அறிவுடைநம்பி என்று எனக்குப் பெயர் வைத்தார். சைட்டில் 'நம்பி சார்' ஆக்கிவிட்டார்கள். முன்பாதியை விட்டுவிட்டது தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாடி மாடியாக ஏறி இறங்கினேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேசுகின்றன.

விதி எளிமையானது. மாடிக்கு ஒரு தீயணைப்பானாவது கண்ணில் படும் இடத்தில், கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வெல்டிங் நடக்கும் இடத்தில் தனியாக ஒன்று. மின்சாரப் பலகை பக்கத்தில் கரியமில வாயு நிரப்பியது. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இவ்வளவுதான். குழந்தைக்குக் கூடப் புரியும்.

நான் கண்டது: ஒன்று கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தது. ஒன்று தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே உட்கார்ந்திருந்தது. ஒன்றின் கைப்பிடியில் யாருடைய தூக்குவாளியோ தொங்கியது, ரசம் சாதம். மற்றதெல்லாம் ஸ்டோர் ரூமில், பூட்டுக்குள்.

"வெளிய வெச்சா தூக்கீட்டுப் போயிருவாங்க சார்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"தீப்பிடிச்சா?"

"சாவி என்ரகிட்டத்தானுங்க இருக்குது. எங்கயும் போகாது."

சாவி எங்கும் போகாது. சரி. சாவி வைத்திருப்பவர் டீக்குப் போவாரே?

கீழே கேன்டீன் நடத்துபவர் ருக்குமணி அக்கா. அவர் அடுப்பில் மாட்டியிருப்பது வீட்டுக்குக் கொடுக்கும் சிவப்பு கேஸ் சிலிண்டர். கடைக்கு நீல நிறம்தான் வாங்க வேண்டும். இதையும் குறித்துக்கொண்டேன். அக்கா எனக்கு மட்டும் இரண்டு போண்டா கூடுதலாக வைத்தார். நல்ல மனுஷி. சிலிண்டர் விஷயம் அவ்வளவு அவசரமில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

முதல் பாதுகாப்பு வகுப்பு. மானம் போன வகுப்பு என்றும் சொல்லலாம்.

எல்லாரையும் தரைத்தளத்தில் உட்காரவைத்து, சிவப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதன் பெயர் தீயணைப்பான்" என்றேன். அப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மாதையன். பென்னாகரம் பக்கத்துக்காரன், கம்பி கட்டும் வேலை. கிண்டல் செய்கிற முகமே இல்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்கிற முகம்.

"யாருங்க சார் அது?"

"எது யாரு?"

"தீயை அணைப்பான்னு சொன்னீங்களே. யாரு அணைப்பான்?"

"கட்டி அணைப்பான்டா!" என்றது இன்னொரு குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அணைத்தல் என்றால் தழுவுதல் என்றும் பொருள், நெருப்பை அவித்தல் என்றும் பொருள் என்று விளக்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அதன் பிறகு அரைமணி நேரம் யார் யாரை அணைப்பான் என்பதே வகுப்பாக இருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாதையன் கடைசி வரை இருந்தான். "பின்னை இழு, குழாயை நெருப்போட அடியில காட்டு, அமுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். போகும்போது, "பின்னு எங்க இருக்கும்னு இன்னொருக்கா காட்டுங்க சார்" என்றான். காட்டினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பெயர் ஒட்டிக்கொண்டது. நான் படியில் கால் வைத்தால் போதும், "தீயணைப்பான் வர்றாரு, ஹெல்மெட்டப் போடு" என்று மேலிருந்து கீழே வரை தகவல் போகிறது. 'ஆன்' விகுதிக்கு 'வர்றாரு' எப்படிப் பொருந்தும்? யாரிடம் சொல்வது?

மாதையனுக்கு இது கிண்டல் என்றே தெரியாது என்று நினைக்கிறேன். இன்று சிமெண்ட் லாரி டிரைவர் என்னைத் தேடியபோது, "தீயணைப்பானுங்களா? அஞ்சாவது மாடீல இருக்காருங்க" என்று மரியாதையாக வழிகாட்டினான்.

ஒரு வகையில் லாபம். அந்தச் சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. பொருள்தான் மாறிவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

ஒவ்வொரு மாடியிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். வாசகத்தை நானே எழுதினேன்: 'தீப்பிடித்தால் உடனே தீயணைப்பானைக் கொண்டு வரவும்.'

லோகநாதன் படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏனுங்க நம்பி, தீப்பிடிச்சா உங்களைத் தூக்கீட்டு வரோணுமா?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிலிண்டர்னு போடுங்க. அல்லாரும் அப்படித்தான சொல்றாங்க" என்றார்.

சைட்டில் சிலிண்டர் என்றால் பத்து இருக்கிறது, வெல்டிங்காரன் சிலிண்டர் இருக்கிறது, கேன்டீன் சிலிண்டர் இருக்கிறது என்றேன்.

"அப்பச் செவப்பு சிலிண்டர்னு போட்டர்லாம். தீந்துது."

கேன்டீன் சிலிண்டரும் சிவப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கேன்டீன் ஒப்பந்தம் லோகநாதனின் சகலை பெயரில் இருக்கிறது. வாயை மூடினேன். மேசையில் என் கோப்பு இருந்தது. அதன்மேல் 'தகுதிகாண்' என்று எழுதியிருந்தது, எழுத்துப் பிழையோடு.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 'சிவப்புச் சிலிண்டர்' என்று ஒற்று மிக வேண்டும் என்று பெயின்டரிடம் கண்டிப்பாகச் சொல்லி எழுதவைத்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

செயல்முறை விளக்கம். தகர டின்னில் பழைய துணி போட்டு, டீசல் ஊற்றி, தீ மூட்டினேன். மூன்றாம் மாடித் தீயணைப்பானை எடுத்துப் பின்னை இழுத்து, குழாயை அடியில் காட்டி, அமுத்தினேன். தும்மல் மாதிரி ஒரு 'புஸ்'. அவ்வளவுதான். தீ என்னைப் பார்த்தது, நான் தீயைப் பார்த்தேன். ருக்குமணி அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

அடுத்ததை எடுத்தேன். அதுவும் காலி. அதற்கடுத்தது, அதுவும்.

விசாரித்ததில், தொழிலாளர் ஷெட்டில் கேரம் போர்டு இருக்கிறது. தீயணைப்புப் பவுடர் போட்டால் காய் வழுக்கிக்கொண்டு போகிறதாம். "கடைப் பவுடர் இதுகிட்ட நிக்க முடியாது சார்" என்று ஒருவன் பெருமையாகவே சொன்னான். காலாண்டுத் தீயணைப்புச் செலவில் எங்கள் ஆட்கள் மாவட்ட அளவில் கேரம் ஆடும் தகுதியை அடைந்திருக்கிறார்கள்.

சோதனைச் சீட்டில் முள் பச்சையில் இருப்பதாக இந்த மாதம் கையெழுத்துப் போட்டவர் யார் என்று லோகநாதன் கேட்டார். முந்தைய அலுவலராக இருக்கலாம் என்றேன். மாடி ஏறி ஏறி முழங்கால் போகும்போது எல்லா முள்ளையும் குனிந்து பார்க்க முடியாது என்பதை மாடி ஏறாதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

அக்டோபர் 3, வியாழன்

கேரம் பிரச்சினைக்கு லோகநாதன் தீர்வு கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு மாடியிலும் தீயணைப்பானுக்கு இரும்புப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு. எல்லாச் சாவியும் ஸ்டோர்கீப்பர் இடுப்பில். அவர் நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி இருக்கிறது.

பூட்டக் கூடாது, அது விதிக்கே எதிரானது என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்க நினைத்தேன் என்பது இன்னும் சரி. காலியானதை நிரப்ப ஆள் வருமா என்று கேட்டதற்கு, "பாத்துக்கலாமுங்க, தீபாவளி போகட்டும்" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கான்கிரீட் வைப்ரேட்டர், கலவை இயந்திரம், கம்பி வளைக்கும் மேசை எல்லாவற்றுக்கும் பொட்டு. பெட்டிகளைத் திறந்து தீயணைப்பான்களையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் செவ்வந்தி மாலை. யாரோ ஒரு பக்திமான் முள் இருக்கும் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டான். இனிமேல் முள் பச்சையில் இருக்கிறதா சிவப்பில் இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவரிடமே ஒப்படைத்துவிட்டோம்.

மாதையன் தன் கம்பி கட்டும் கொக்கிக்குப் பொட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "உங்களுக்கும் வெக்கலாமுங்களா சார்? நீங்களும் இந்த வரிசைதானே" என்று நெற்றியில் சந்தனம் இட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொரி நன்றாக இருந்தது.

அக்டோபர் 16, புதன்

சைட்டில் சிறு தீ விபத்து. தீ அணைக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் கிரில்லுக்கு வெல்டிங். வெல்டிங்குக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. பொறி இரண்டாம் மாடியில் விழுந்தது. அங்கே புதிதாக வந்த கதவுகள் தெர்மகோலும் அட்டையும் சுற்றி அடுக்கியிருந்தன. திகுதிகுவென்று பிடித்தது. நான் அப்போது இரண்டாம் மாடியில்தான் இருந்தேன், வழக்கமான சுற்று.

இரும்புப் பெட்டி பூட்டியிருந்தது. ஸ்டோர்கீப்பர் டீக்குப் போயிருந்தார். பெட்டியைக் கம்பியால் உடைத்தோம். உள்ளே கழுத்தில் வாடிய மாலையோடு நின்றது காலி, பவுடர் ஏற்கெனவே கேரம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தக் குழப்பத்தில் யாரோ, "சிலிண்டர் கொண்டா! செவப்பு சிலிண்டர்!" என்று கத்தினார்கள். யார் என்பது முக்கியமில்லை. அந்த நேரத்தில் யாரும் அதைத்தான் கத்தியிருப்பார்கள். பலகையிலும் அதுதான் இருக்கிறது.

மாதையன் கீழே ஓடினான். அவன் கண்ணில் பட்ட முதல் சிவப்புச் சிலிண்டர் கேன்டீனில் இருந்தது. அக்கா கத்தக் கத்த ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டு, கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறான். மேலே நின்றவர்கள் அதைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். அவன் மட்டும் தீக்கு முன்னால் சிலிண்டரை இறக்கிவைத்துக் குனிந்து, "பின்னக் காணமே! சார், பின்னு எங்க சார்?" என்று தேடிக்கொண்டிருந்தானாம்.

அப்போது எரிகிற தார்ப்பாய் சிலிண்டர் மேலே விழுந்தது. கையுறை இல்லை. வெறும் கையால் அதை வாரி எறிந்துவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டே படிப்பக்கம் கொண்டுபோனான். அக்காவும் மற்றவர்களும் சுவருக்குத் தண்ணீர் விடும் குழாயை இழுத்து வந்து தீயை அணைத்தார்கள்.

இந்தப் பகுதியை நான் கேட்டு எழுதுகிறேன். அந்த நேரத்தில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து காம்பவுண்டில் நன்றாகக் கிடைத்தது.

அக்டோபர் 19, சனி

அரசு மருத்துவமனை. மாதையனுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. அவன் மனைவி ஊரிலிருந்து வந்து கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். விரல் முன்போல மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். விரல் மடங்காமல் கம்பி கட்ட முடியாது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "மன்னிச்சுக்கோங்க சார். நீங்க அவ்ளோ சொல்லிக் குடுத்தீங்க, எனக்குப் பின்னு ஆம்புடல."

மேஸ்திரி இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். செலவை அவனே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "தப்பு என் மேலதானுங்களே" என்றான்.

ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். அவனால் உரிக்க முடியாது என்பது கொடுத்த பிறகுதான் தெரிந்தது. உரித்துச் சுளை சுளையாக ஊட்டினேன். அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது விரலெல்லாம் ஆரஞ்சு வாசனை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மருத்துவமனையிலிருந்து தகவல் போய், பாதுகாப்பு ஆய்வாளர் வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறார். லோகநாதன் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காபி வந்தது. எனக்குக் காபி வந்தது இதுவே முதல் தடவை.

"நம்பி, நீங்க மொதல்லயே சரியாச் சொன்னீங்க. நாந்தான் கேக்கல. அந்தச் சொல்லு என்னுங்க, தீயணைப்பான். அதையே எல்லா மாடீலயும் எழுதீருங்க. பழச அழிச்சுப்போட்டு, புதன்கெழமைக்குள்ள."

எதற்கு என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்ததுதான்.

"போர்டுல தீயணைப்பான்னு தெளிவா எழுதியிருக்குது. அந்தாளு அதைப் படிக்காம கேஸ் சிலிண்டரத் தூக்கீட்டு வந்தான். அவன் தப்பு. நம்ம மேல ஒரு தூசி விழுகாது. எப்ப வெச்ச போர்டுன்னு கேட்டா, நீங்க சேந்தப்பவே வெச்சதுன்னு சொல்லீருங்க. ஒரு வார்த்தைதானுங்க."

மேசையில் என் கோப்பு திறந்திருந்தது. 'திருப்தி' என்று எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. "வெசாரணை முடியட்டும், போட்டர்றேன்" என்றார்.

காபியைக் குடித்து முடித்தேன். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 22, செவ்வாய்

பெயின்டர் வந்தான். யோசித்துப் பார்த்தால் இதில் தவறென்ன? சரியான சொல்லைத்தான் எழுதுகிறோம். செப்டம்பரிலிருந்தே நான் சொன்ன சொல். அன்றே கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

நான்காம் மாடியில் 'தீயனைப்பான்' என்று இரண்டு சுழியில் எழுதிவிட்டான். அழித்துவிட்டு மூன்று சுழி போடு என்று சத்தம் போட்டேன். அவன், "எல்லாம் ஒண்ணுதானுங்களே, யாரு பாக்கப் போறா?" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொய் எழுதினாலும் பிழையில்லாம எழுதணும்டா" என்று கத்திவிட்டேன்.

அவன் தூரிகையோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தான். நானும் என்ன சொன்னேன் என்று யோசித்தபடி கீழே இறங்கினேன்.

வீட்டில் மேகலா, "மூஞ்சி ஏனுங்க இப்படி இருக்குது?" என்றாள். பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அக்டோபர் 23, புதன்

எல்லா மாடியிலும் என் சொல். சிவப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, ஒரு பிழை இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

ஆய்வாளர் ஒரு அம்மையார். கைத்தறிப் புடவை, காலில் பாதுகாப்புக் காலணி. காபி வேண்டாம் என்று சொன்னதுமே லோகநாதனின் முகம் ஒரு மாற்றுக் குறைந்தது.

இரண்டாம் மாடியில் கருகிய சுவருக்கு முன்னால் விசாரணை. லோகநாதன், நான், ஸ்டோர்கீப்பர், ருக்குமணி அக்கா, பத்துப் பதினைந்து தொழிலாளர்கள். மாதையனை மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். கட்டுப்போட்ட இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி நின்றான், கும்பிடுவது போல.

லோகநாதன் ஒப்பிக்க ஆரம்பித்தார். முறையான பயிற்சி, முறையான அறிவிப்பு, தொழிலாளியின் கவனக்குறைவு. அம்மையார் என் பக்கம் திரும்பி, "இந்தப் பலகை எப்ப வெச்சது?" என்றார்.

"சேர்ந்த..." என்று தொடங்கினேன். இருமினேன். லோகநாதன், "அவர் சேந்த மாசமே வெச்சதுங்க மேடம்" என்று முடித்துவைத்தார். நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

அம்மையார் மாதையனிடம் போனார். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க மேடம். அஞ்சாவது வரைக்கும்."

"அதைப் படிங்க."

மாதையன் பலகையை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பலகை அவன் இல்லாதபோது மாறியது. அவன் அதை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். எழுத்துக் கூட்டிப் படித்தான். "தீப்பிடித்தால்... உடனே... தீயணைப்பானைக்... கொண்டு வரவும்."

"தெளிவா எழுதியிருக்கு. அப்புறம் ஏன் நீங்க தீயணைப்பானைக் கொண்டு வரல?"

அவன் குழம்பிப்போனான். என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"எப்படிங்க மேடம் கொண்டாறது? அவருதான் ஓடிட்டாருங்களே."

"யாரு ஓடினது?"

"தீயணைப்பானுங்க. இங்கதான் நின்னாரு. 'சிலிண்டர் கொண்டா, செவப்பு சிலிண்டர்'னு கத்துனதே அவருதானுங்க. நான் தூக்கியாந்து பாத்தா ஆளக் காணம். பின்னு எங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன், கேட்டத் தாண்டி ஓடீட்டிருந்தாரு." பிறகு எனக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று பயந்தவன் போல, "அவரு நல்லவருங்க மேடம். எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாரு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. இந்த சைட்டில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்காதது இதுவே முதல்முறை. மாதையனின் கட்டுப்போட்ட கை என் பக்கம் நீண்டிருந்தது.

அம்மையார் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்கதான் தீயணைப்பானா?"

லோகநாதன், "அது வந்துங்க மேடம், பசங்க சும்மா தமாசுக்கு..." என்று குறுக்கே வந்தார். அம்மையார் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்க மேடம்" என்றேன். "நான்தான். கத்துனதும் நான்தான், ஓடுனதும் நான்தான். இந்தப் பலகை நேத்து எழுதுனது. அன்னைக்கு இங்க 'சிவப்புச் சிலிண்டர்'னுதான் இருந்துச்சு. அவன் போர்டுல இருந்தபடிதான் செஞ்சான்."

சொல்லி முடித்ததும் கண் கேட்டைத் தேடியது. ஆனால் இந்தத் தடவை அங்கேயே நின்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலை இல்லை, இரண்டு பொருளிலும். மேகலா அதிரசம் இரண்டு கூடுதலாக வைத்தாள்.

நவம்பர் 11, திங்கள்

பிளாஸ்டிக் நாற்காலி அவ்வளவு மோசமில்லை. முதுகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

தாமோதரன் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைக்கப் போகிறான். "மாமா, நீங்க தமிழ் படிச்சவரு. வெட்கிரைண்டருக்கு நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லுங்க" என்றான். "கிரைண்டர்னே இருக்கட்டும் மாப்ள" என்றேன். அப்பா மன்னிப்பார்.

மத்தியானம் மாதையன் வந்திருந்தான். கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை, பயிற்சி கொடுக்கிறார்களாம். கை தேறும் வரை சம்பளமும் வைத்தியச் செலவும் கம்பெனி தர வேண்டும் என்று அம்மையார் எழுதிவிட்டார். பெட்டிகளில் பூட்டு இல்லை. எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கேரம் போர்டு படுத்துவிட்டது. பலகையில் இப்போது எழுத்தே இல்லை, வெறும் படம். கேன்டீனுக்கு நீலச் சிலிண்டர் வந்துவிட்டது. லோகநாதன் அங்கேயே இருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். "மாதையா, அன்னைக்கு நான் ஓடியிருக்கக் கூடாது. உன் கை இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கிரைண்டர் வாங்க வந்த ஒரு அம்மா விலை கேட்காமலே நகர்ந்துவிட்டார்.

மாதையன் பேச்சை மாற்றக் கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மோட்டார்கள், ஒயர்கள், அட்டைப்பெட்டிகள், தெர்மகோல்.

"ஏன் சார், இவ்ளோ அட்டையும் தெர்மகோலும் அடுக்கியிருக்கு. இங்க ஒரு தீயணைப்பான் இல்லீங்களா?"

அந்தச் சொல்லை இவ்வளவு சரியாக வேறு யாரும் எனக்கு முன்னால் சொன்னதில்லை.

"நான்தான் இருக்கேனே" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதாங்க சார் பயமா இருக்கு" என்றான்.